சிதிலம்

வடமொழிச் 'சிதில'த்துக்குத் 'தளர்ந்த' என்று பொருள். கட்டு நெகிழ்ந்திருக்கிறது, இன்னும் அவிழவில்லை. வைணவ உரையாசிரியர்கள் ஆழ்வார் உள்ளம் உருகி நெகிழ்வதையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். இன்று அந்தப் பொருள் மங்கி, காரை உதிர்ந்த சுவரும் உளுத்த உத்தரமும்தான் நினைவுக்கு வருகின்றன.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் ஒரு பகுதியை மதிப்பிடும்போது கட்டடச் சிதிலத்தோடு நெரிசல், குறுகிய தெரு, காற்றும் வெளிச்சமும் இல்லாமை ஆகியவற்றையும் பார்க்கிறது. அமெரிக்காவில் இதற்கு 'ப்ளைட்' என்கிறார்கள். பயிரைக் கருக்கும் நோயின் பெயர் அது. அந்த முத்திரை விழுந்த இடத்தைச் சீரமைக்க, பின்னால் கூடிவரும் சொத்துவரியை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கும் முறை 1952-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. நோய் என்றால் பிடுங்கி எறியத் தோன்றும். அந்தப் பெயரால் அங்கே எத்தனையோ ஏழைகளின் குடியிருப்புகள் தரைமட்டமாயின.

நம் சொல் அப்படியன்று. தளர்ந்ததை இறுக்கலாம். இடிந்து விழுந்தது 'இடிபாடு', ஆளற்றுப் போனது 'பாழ்'. சிதிலம் இவை இரண்டுக்கும் முந்திய நிலை. குழித்தறி ஓடும் பழைய ஓட்டு வீட்டை யாராவது மதிப்பிட வந்தால், தாளில் இம்மூன்றில் எதை எழுதுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.