அறியாதவனை நம்பிய கடன்

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகச் செல்லும் சாலை பழவேற்காட்டு ஏரியில் முடிகிறது. ஏரிக்கரைக் குப்பங்களில் பழகிவந்த கடனுக்குப் பத்திரமில்லை, முத்திரையில்லை. வலை வாங்க வியாபாரி முன்பணம் தருவார். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே தந்தாக வேண்டும். வட்டி எங்கே? மீனின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது! ஆயினும் மீனவர் அவரை நம்புவர். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் பணம் தருபவர் அவரன்றோ!

இத்தகைய கடன் கட்டை அவிழ்க்க வழி தேடியவர் பிரெடரிக் நிக்கல்சன். சென்னை அரசின் அதிகாரியாகிய அவர், செருமனியில் ரைபைசன் கண்ட சிற்றூர்க் கடன் சங்கங்களை 1895, 1897ஆம் ஆண்டு அறிக்கைகளில் எடுத்துக்காட்டினார். (பின்னாளில் இம்மாகாணத்து மீன்வளப் பணிக்குத் தலைமை ஏற்றவரும் அவரே.) 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில், இந்தியாவின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் எழுந்தது.

அச்சட்டம் நம்பிக்கையை எதன்மேல் நிறுத்தியது? ஓர் ஊரார் பத்துப்பேர் கூடலாம். அன்றி ஒரே வகுப்பினர், ஒரே சாதியினர் கூடலாம்! சிற்றூர்ச் சங்கத்தில் ஒருவர் கடனுக்கு அனைவரும் வரம்பின்றிப் பொறுப்பு. சாதியையும் பிணையாக ஏற்றது வெள்ளையர் சட்டம். வியப்பென்ன? இந்த ஏரியிலேயே ‘பாடு’ முறையில் சீட்டெடுத்து மீன்பிடி இடத்தைப் பகிர்ந்துகொண்டது உரிமை பெற்ற சாதிக்குள்தான். மற்றவர் வேலிக்கு வெளியே. இதை ஊர் ஒற்றுமை என்று புகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை.

சாதியை விட்டுப் பெயரை நம்பினோர் கதி என்ன? சென்னையில் அர்பத்னாட் வங்கி 1906இல் முறிந்தது. கணக்கைக் காணாமல் வெள்ளைக்காரர் பெயரை நம்பிப் பணம் போட்டோர் தெருவில் நின்றனர்.

2005இல் பிரிட்டனில் ‘ஸோப்பா’ புதுவழி திறந்தது. முன்பின் அறியாத ஒருவர் மற்றவர்க்கு இணையத்தின் வழியே கடன் தந்தார். சாதி எது என்று எவரும் கேட்கவில்லை; பழைய கடனை ஒழுங்காகத் தீர்த்தாயா என்றே கேட்டனர். எத்துணைப் பெரிய மாறுதல்! 2021இல் அந்நிறுவனமே அத்தொழிலைக் கைவிட்டது வேறு கதை.

இங்கே ரிசர்வ் வங்கி 2017இல் விதி வகுத்தது. இடைநிற்கும் தளம் தானே கடன் தரலாகாது. பணம் அறங்காவலர் நடத்தும் தனிக்கணக்கு வழியே செல்லவேண்டும். ஒருவர் ஒருவர்க்கு 50,000 ரூபாய்க்கு மேல் தரலாகாது. சில தளங்களோ இதனை உறுதியான வருவாய் தரும் முதலீடு போல விற்றன. 2024 ஆகஸ்டில் அதற்கும் தடை வந்தது.

இவ்விதிகளுக்குள் அடங்காத கைப்பேசிக் கடன் செயலிகளின் கொடுமை தனி. கடன் வாங்கியவரின் கைப்பேசியிலுள்ள பெயர்களையும் படங்களையும் அள்ளின. தவணை தவறியதும் உற்றார்க்கு அனுப்பி மானத்தை ஏலமிட்டன. அறியாதவன் தந்த கடனுக்கும் மீண்டும் சுற்றத்தாரே பிணை! ரிசர்வ் வங்கி 2022இல், தன் கண்காணிப்பில் உள்ளோரின் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடலாகாது என்றது. கண்காணிப்புக்கு வெளியே உள்ளவனை என்ன செய்வது? முன்பணம் தந்த வியாபாரியின் வீடாவது மீனவர்க்குத் தெரியும். செயலிக்காரன் வீடு எந்தத் தெருவில்?