சணப்பை அந்துப்பூச்சி

சணப்பை அந்துப்பூச்சி: எரெபிடே குடும்பத்தின் ஆர்க்டியினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த, வெண்ணிற முன்சிறகில் கருப்பு, சிவப்புப் புள்ளிகள் கொண்ட சிறிய பூச்சி. அறிவியல் பெயர் யூட்டேதீசா புல்கெல்லா. 1758இல் லின்னேயஸ் விவரித்தார்.

அடையாளம்: சிறகு விரிப்பு சுமார் 3–4 செ.மீ. பின்சிறகு வெண்மை, அதன் ஓரம் ஒழுங்கற்ற கருமை. பகலிலும் பறக்கும்.

வாழ்க்கைச் சுழற்சி: முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு நிலைகள். மயிர் அடர்ந்த புழு சணப்பை, கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளை உண்ணும். அவற்றின் பைரோலிசிடின் ஆல்கலாய்டு நச்சு முதிர்பூச்சியின் உடலிலும் தங்கி, எதிரிகளிடமிருந்து காக்கிறது. புள்ளிகள் அதற்கான எச்சரிக்கை நிறம்.

பரவல்: ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, இந்தியா உட்பட ஆசியா. தமிழ்நாட்டின் திருத்தணி போன்ற வறண்ட குன்றுப் பகுதிகளின் கிலுகிலுப்பைப் புதர்கள் இதற்கு ஏற்ற வாழிடம்.

முக்கியத்துவம்: பசுந்தாள் உரப்பயிரான சணப்பையின் இலை, காய்களைப் புழு சேதப்படுத்தும்.