சோவியத் தமிழியல்

சோவியத் தமிழியல் என்பது 1920களில் லெனின்கிராதில் முளைவிட்டு, 1950களில் அங்கும் மாஸ்கோவிலும் கல்வித்துறையாக வளர்ந்து, சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னும் நீடித்த தமிழ்மொழி, இலக்கிய ஆய்வு மரபு. அகராதி, இலக்கணம், குறள், சிலம்பு மொழிபெயர்ப்புகள், சங்கப் பாடல் ஆய்வு என்று அது தந்த செல்வம் பெரிது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் சிறைமுகாமில் மாண்டார். ஒருவர் லண்டனில் குடியேறினார். இன்னொருவர் வேலையையும் நாட்டையும் இழந்து, கனடாவில் சோவியத் சமூகத்தை ஆராயும் பேராசிரியராக வாழ்ந்து மறைந்தார். நூல்களை மட்டும் அடுக்கினால் இத்துறையின் பாதிக் கதைதான் கிடைக்கும்.

சென்னையின் மேற்குப் புறநகருக்குச் சோவியத் நாடு அந்நியமல்ல. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் சோவியத் உரிமத்தின்கீழ் டி-72 டாங்கிகள் தயாராயின. அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இப்போது இயங்கும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் 1951இல் தொடங்கப்பட்டது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா, மீர் பதிப்பகங்களும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய நூல்களைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசேர்த்தது அந்த நிறுவனம்தான். கார்க்கியின் 'தாய்', பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை' எல்லாம் கள்ளிக்குப்பம், கொரட்டூர், ஆவடி என்று தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்வோருக்கும் மலிவு விலையில் எட்டிய புத்தகங்கள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், அந்தத் தாளுக்கே உரிய வாசனை: அந்தத் தலைமுறை வாசகர்களிடம் கேட்டால் முகம் மலரச் சொல்வார்கள். ஆனால் இங்கிருந்து அங்கே போன தமிழைப் பற்றி, அதைக் கற்றுக் காத்தவர்களைப் பற்றி நம்மிடம் பேச்சு குறைவு. அந்தக் குறை தீர வேண்டும்.

தொடர்பு பழையது. ரஷ்ய இசைக் கலைஞர் கெராசிம் லெபெதெவ் 1785இல் சென்னைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் தங்கி, தமிழ் கொஞ்சம் கற்றுக்கொண்டு கல்கத்தா போனார். அங்கே 1795இல் வங்காள நாடக அரங்கை உருவாக்கியதால் வங்கம் அவரைக் கொண்டாடுகிறது, சென்னை மறந்துவிட்டது. தல்ஸ்தோய் 1908இல் இந்தியப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இன்னா செய்யாமை அதிகாரக் குறள்களை எடுத்தாண்டார். அந்தக் கடிதம்தான் பிறகு காந்தியின் கைக்கு வந்தது.

முறையான ஆய்வு அலெக்சாந்தர் மெர்வார்த், லுத்மிலா மெர்வார்த் தம்பதியிடம் தொடங்குகிறது. பீட்டர்ஸ்பர்க் மானிடவியல், இனவரைவியல் அருங்காட்சியகத்தின் சார்பில் 1914இல் இலங்கைக்குப் புறப்பட்ட இவர்கள், உலகப்போரும் புரட்சியும் நடந்துகொண்டிருந்த நான்கு ஆண்டுகளை இலங்கையிலும் இந்தியாவிலும் கழித்தார்கள். அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேர்ப்பது பணி. அதைவிடப் பெரிய சேகரம் மொழி. ஊர் திரும்பியபின் 1929இல் லெனின்கிராதில் மெர்வார்த் வெளியிட்ட நூல் தமிழ்ப் பேச்சுமொழிக்கு ஓர் இலக்கணம். பேச்சுத்தமிழை ஆராயத்தக்க பொருளாக நம் புலவர்களே ஏற்கத் தயங்கிய காலம் அது. அடுத்த ஆண்டே, அறிவியல் கழக அறிஞர்கள்மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் மெர்வார்த் கைதானார். 1932இல் முகாமில் இறந்தார். லுத்மிலாவும் சிறைப்பட்டார், உயிர்தப்பி வந்தபின் மலாய்–இந்தோனேசிய மொழித்துறையில் உழைத்தார். தமிழ் அங்கே கால் நூற்றாண்டு ஊமையானது.

அதை மீண்டும் பேசவைத்ததில் ராஜதந்திரத்துக்கும் பங்குண்டு. 1955இல் நேரு மாஸ்கோ சென்றார். ஆண்டிறுதியில் குருஷ்சேவும் புல்கானினும் இந்தியா வந்தார்கள். வானொலிக்கும் பதிப்பகத்துக்கும் தூதரகத்துக்கும் இந்திய மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவைக்காகத் திறந்த வகுப்பறையில் சங்க இலக்கியமும் நுழைந்தது என்பதுதான் அழகு. மாஸ்கோவின் அலெக்சாந்தர் பியாதிகோர்ஸ்கியும் லெனின்கிராதின் செம்யோன் ருதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி 1960இல் வந்தது. ஏறத்தாழ 38,000 சொற்கள். அதைப் பதிப்பித்தவர் மாஸ்கோவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய பூர்ணம் சோமசுந்தரம். 'உண்மை மனிதனின் கதை'யைத் தமிழுக்குத் தந்த அதே கை. ரஷ்ய–தமிழ் அகராதி 1965இல் தொடர்ந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான மிகயீல் அந்திரோனோவ் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அயராத உழைப்பாளி. இக்காலத் தமிழையும் செந்தமிழையும் சேர்த்து விளக்கும் அவருடைய ஆங்கில இலக்கணத்தை 1969இல் வெளியிட்டது மாஸ்கோப் பதிப்பகம் அல்ல, நம் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். மாயா எழுத்தைப் படித்துக்காட்டிய யூரி கினோரோசோவ் தலைமையிலான குழு கணிப்பொறி உதவியுடன் சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்து, அதன் மொழி திராவிடச் சாயல் கொண்டது என்று 1965இல் அறிவித்ததும் இந்தச் சூழலில்தான்.

இந்தத் தலைமுறையில் அதிகம் நினைக்கப்பட வேண்டியவரும் மிகக் குறைவாக நினைக்கப்படுபவரும் யூரி கிளாசோவ் (1929–1998). மாஸ்கோவின் கீழைத்தேயவியல் நிறுவனத்தில் ஆய்வாளர், பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். ஏ. கிருஷ்ணமூர்த்தியுடன் இணைந்து அவர் செய்த திருக்குறள் மொழிபெயர்ப்பு 1963இல் வந்தது. சிலப்பதிகாரத்தை முழுதாக ரஷ்ய மொழியில் தந்த நூல் 1966இல் வந்தது. உரையாசிரியர்களின் துணையின்றித் தமிழரே தடுமாறும் காப்பியத்தை, முன்னுரையும் குறிப்புகளுமாக, அதன் மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தவர் கொண்டுசேர்த்தார்.

1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. கடற்கரையில் கண்ணகி சிலை எழுந்தது. வள்ளுவர் சிலை எழுந்தது. மறுமாதம் மாஸ்கோவில், குறளையும் சிலம்பையும் மொழிபெயர்த்த கிளாசோவ் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். புடாபெஸ்டில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சிகளின் கலந்தாய்வுக் கூட்டத்துக்கு அனுப்பிய கடிதம் அது. எழுத்தாளர்கள்மேல் நடக்கும் வழக்குகள், கருத்துக்காகச் சிறை, உரிமை மீறல்கள் ஆகியவற்றைக் கவனியுங்கள் என்று கேட்டது. கையெழுத்திட்டவர்கள் பன்னிரண்டு பேர். லரீசா பகராஸ், பாவெல் லித்வீனவ், ஜெனரல் கிரிகோரென்கோ, பாடகர் யூலி கிம் முதலியோர் மற்றவர்கள். கிளாசோவின் வேலை பறிபோனது. அதன்பின் தமிழ் கற்பிக்கவோ ஆராயவோ அவருக்கு அங்கே இடமில்லை. அரசனின் அவையில் நின்று நீதி கேட்ட பெண்ணின் கதையைப் பல ஆண்டுகள் கைக்குள் வைத்து வாழ்ந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

1972இல் குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறினார். பின்னர் கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரில், டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ரஷ்ய ஆய்வுப் பேராசிரியரானார். ஸ்டாலின் மறைவுக்குப் பிந்தைய ரஷ்ய மனத்தைப் பற்றி 1985இலும், 1917 முதல் 1987 வரை கட்சி உறுப்பினராக இருப்பது என்பதன் பொருளைப் பற்றி 1988இலும் ஆங்கில நூல்கள் எழுதினார். மேலைநாட்டுச் சோவியத் ஆய்வாளர் பலருக்கு அந்த நாடு ஆவணமும் புள்ளிவிவரமும். இவருக்கோ அது வாழ்ந்து பட்ட இடம். அச்சமும் துணிவும் ஒரே மனிதனுக்குள் எப்படிக் குடியிருக்கும் என்பது இவர் நேரில் கண்டது. தமிழியல் ஓர் அறிஞரை இழந்தது, சோவியத் ஆய்வு ஒருவரைப் பெற்றது. பெற்ற பக்கத்தைவிட இழந்த பக்கத்தில் நாம் நிற்கிறோம்.

அலெக்சாந்தர் பியாதிகோர்ஸ்கியின் (1929–2009) பாதையும் இதை ஒத்ததே. தமிழ்ச் சமய நூல்களிலிருந்து இந்தியத் தத்துவ வரலாற்றுக்குச் சான்று திரட்டி 1962இல் நூல் எழுதிய அவர், 1974இல் வெளியேறி லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் கற்பித்தார். இன்றைய ரஷ்யர்கள் அவரைத் தத்துவவாதியாகவும் நாவலாசிரியராகவும் அறிவார்கள்.

போனவர்கள் போக, இருந்து தாங்கியவர் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி (1941–2020). மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் நிறுவனத்தில் 1970களில் தமிழாசிரியராகச் சேர்ந்து வாழ்நாள் முழுக்க அங்கேயே பணியாற்றினார். சென்னையில் தங்கிப் படித்தவர். தமிழில் சரளமாகப் பேசுவார். பழந்தமிழ் அகப்பாடல்களின் சடங்கு, தொன்ம வேர்களைத் தேடிய அவருடைய நூல் ரஷ்ய மொழியில் 1989இலும், நெதர்லாந்தின் கிரோனிங்கனிலிருந்து ஆங்கிலத்தில் 2000இலும் வந்தது.

அந்நூல் சொல்வதைச் சற்று விரித்துச் சொல்லலாம். திணைகளை வெறும் இலக்கிய மரபாக, புலவர்கள் கூடி வகுத்துக்கொண்ட விதியாக அவர் பார்க்கவில்லை. பெண்ணிடம் உறையும் அணங்கு என்னும் ஆற்றல், அதைக் கட்டுக்குள் வைக்கும் சடங்குகள், பருவங்களின் சுழற்சி ஆகியவற்றிலிருந்து திணைச் சூழல்கள் பிறந்தன என்பது அவர் வாதம். முல்லையில் தலைவி கார்காலத்துக்காகக் காத்திருக்கிறாள் என்றால், அது காதல் ஏக்கம் மட்டுமல்ல. வெம்மையுற்ற நிலமும் விலகியிருக்கும் பெண்ணும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். மழையும் தலைவனின் வரவும் ஒன்றாகக் குளிர்விக்கின்றன. முருகன், மாயோன், கொற்றவை பற்றிய தொன்மங்களை முன்னால் ஆராய்ந்துவிட்டுப் பாடல்களுக்கு வருவது அவர் முறை. எல்லாவற்றையும் சடங்குக்குள் அடக்கினால் கபிலரும் ஔவையும் தனித்தனிக் கவிஞர்களாக எங்கே நிற்பார்கள் என்று கேட்க இடமுண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்கவைத்ததே அவர் நூலின் வலு.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அம்பத்தூர்ப் பகுதியும் மற்ற ஊர்களும் அறிந்த அந்தத் தமிழ் நூல்களின் வரத்து நின்றது. அரசுக்குத் தமிழ் தெரிந்தவர்களின் தேவை சுருங்கியது. மாணவர் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் துபியான்ஸ்கி வகுப்பைத் தொடர்ந்தார். 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கு வந்தபோது மாஸ்கோத் தமிழின் முகமாக அவரே நின்றார்.

2020 நவம்பர் 18 அன்று, கொரோனா தொற்றால், 79ஆம் வயதில் மாஸ்கோவில் மறைந்தார். தமிழ்நாட்டு நாளேடுகள் அஞ்சலி எழுதின. அவர் பெயரோடு மெர்வார்த், ருதின், கிளாசோவ் பெயர்களையும் சேர்த்துப் பாடநூல்களில் ஏற்ற வேண்டிய கடன் தமிழ்ப் பல்கலைக்கழகங்களுக்கு இருக்கிறது. குறைந்தபட்சம், கிளாசோவ் தம் சிலம்பு மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையாவது தமிழில் வர வேண்டும். அதை வெளியிட, நியூ செஞ்சுரி இயங்கும் அம்பத்தூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.