காட்டுப் பாதையில் ஒரு அழைப்பு மணி

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பல வீடுகள் தெருவிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும். தெருவிலிருந்து வீடு வரை போகும் தனிப்பாதையை 'டிரைவ்வே' என்பார்கள். அதன் முனையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். வண்டி நுழைந்ததும் வீட்டுக்குள் மணி அடிக்கும். நடுவில் வயர் கிடையாது. சில பெட்டிகள் நகரும் உடலின் சூட்டை அகச்சிவப்புக் கதிரால் உணரும். சில வகைகளை மண்ணில் புதைப்பார்கள். இரும்பாலான வண்டி அருகே வரும்போது பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை அவை கண்டுகொள்ளும். செய்தி ரேடியோ அலையில் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

ஆளே இல்லாமல் பாதையைக் காவல் காக்கும் இந்த யோசனை ஒரு காலத்தில் மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அது நடந்தது வீட்டு வாசலில் அல்ல, லாவோஸ் நாட்டுக் காடுகளில்!

வியட்நாம் போரின்போது வட வியட்நாம், லாவோஸ் வழியாகச் சென்ற ஹோ சி மின் பாதையில் ஆட்களையும் ஆயுதங்களையும் தெற்கே அனுப்பியது. லாரிகள் பெரும்பாலும் இரவில், மரங்களின் மறைவில் ஓடின. விமானத்திலிருந்து பார்த்தால் தெரியாது. என்ன செய்வது? 1966-ல் 'ஜேசன்' என்ற விஞ்ஞானிகள் குழு, பாதை நெடுகச் சென்சார்களைப் போடலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாராவிடம் சொன்னது. அடுத்த ஆண்டின் இறுதியில் வேலை தொடங்கியது. திட்டத்தின் பெயர் 'இக்லூ ஒயிட்'.

சென்சார்கள் விமானத்திலிருந்து வீசப்பட்டன. ஒரு வகை, ஈட்டி போல மண்ணில் குத்தி நின்று நில அதிர்வைக் கேட்கும். வெளியே தெரியும் ஆன்டெனாவைச் செடி போலவே செய்திருந்தார்கள். இன்னொரு வகை, நீர்மூழ்கிக் கப்பலின் சத்தத்தைக் கேட்கக் கடலில் போடும் மிதவைக் கருவியிலிருந்து உருவானது. அது பாராசூட்டோடு மரத்தில் தொங்கியபடி லாரிச் சத்தத்தைக் கேட்கும். வானில் வட்டமிட்ட விமானங்கள் இந்தச் செய்திகளை வாங்கி, தாய்லாந்தின் நகோன் பனோம் தளத்துக்கு அனுப்பின. அங்கே ஐபிஎம் கணினிகள் லாரி எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று கணக்கிட்டன. பிறகு குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின.

பலன்? அழித்ததாக விமானப்படை சொன்ன லாரிகளின் எண்ணிக்கையை சிஐஏ ஆய்வாளர்களே பெருமளவு குறைத்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1972 மார்ச் இறுதியில் வட வியட்நாம் டாங்கிகளோடு பெரும் தாக்குதல் தொடுத்தது. 1973-ல் திட்டம் முடிந்தது. லாவோஸ் மண்ணில் அந்தப் போரின் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன.

இதே வகைச் சென்சார்கள் 1970-களில் அமெரிக்க - மெக்ஸிகோ எல்லைக்கும் வந்தன. 2005-ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கை அறிக்கை ஒன்று, அங்கே சென்சார் அழைத்ததும் அதிகாரிகள் போய்ப் பார்த்ததில் 90 சதவீதத்துக்கும் மேல் வீண் அலைச்சல் என்றது. காரணம் உள்ளூர் வண்டி, ரயில், விலங்குகள்!

காட்டிலும் எல்லையிலும் வீட்டிலும் இந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஏதோ வருகிறது. வருவது யார் என்று அதற்குத் தெரியாது. வீட்டில் அது தவறாக அடித்தால், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு ஒரு மானைத் திட்டிவிட்டு வரலாம். லாவோஸில் அப்படி இல்லை. குண்டுதான் போனது.