இரண்டு பட்டனுக்குள் ஒரு பாதாளம்

1981இல் அமெரிக்காவில் அப்பிள் 2 கொம்பியூட்டருக்கு இரண்டு கேம்கள் வந்தன. ஒன்று ‘விஸார்ட்ரி’. கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களான அன்ட்ரூ கிரீன்பேர்க்கும் ரொபர்ட் வுட்ஹெட்டும் செய்தது. மற்றது ரிச்சர்ட் காரியட் எழுதிய ‘அல்டிமா’. ஆர்.பி.ஜி. எண்டு சொல்லி இண்டைக்கு நாங்கள் போனில் விளையாடுகிற பலதுக்கும் இந்த இரண்டும்தான் பூட்டனும் பூட்டியும்.

விஸார்ட்ரியில் ஆறு பேர் கொண்ட குழுவோடு 10 தளங்கள் கொண்ட பாதாளத்துக்குள் இறங்க வேண்டும். திரையில் சுவரெல்லாம் வெறும் கோடுகள். கேம் வரைபடம் தராது, கட்டம் போட்ட தாளில் நீங்களே கீறிக்கொள்ள வேண்டியதுதான். மந்திரம் போடுவதெண்டால் அதன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் ரைப் பண்ண வேண்டும். அல்டிமாவில் தாக்க ஒரு எழுத்து, கப்பலேற ஒரு எழுத்து எண்டு கீபோர்ட் முழுக்கக் கட்டளைகள். கீபோர்ட்டும் டிஸ்க்கும் இல்லாமல் இந்தக் கேம்களை யோசிக்கவே ஏலாது.

1983 யூலையில் யப்பானில் நின்டென்டோவின் ஃபெமிகொம் வந்தது. விலை 14,800 யென். ரீவியில் கொழுவி விளையாடலாம். ஆனால் கையில் இருப்பது ஒரு திசைக் கட்டை, ஏ, பி எண்டு இரண்டு பட்டன், அதோடு ஸ்டார்ட், செலெக்ட். வேலை செய்யும் நினைவகம் வெறும் 2 கிலோபைட். கொம்பியூட்டர் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் விளையாடியது இதில்தான். அந்தப் பாதாளத்தை இதற்குள் எப்படி இறக்குவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் யூஜி ஹோரி. சஞ்சிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவர், எனிக்ஸ் நிறுவனத்தின் கேம் போட்டியில் பரிசு பெற்றார். அந்தப் பரிசுப் பயணத்தில் 1983இல் சான் பிரான்சிஸ்கோவின் அப்பிள் கண்காட்சிக்குப் போன இடத்தில்தான் விஸார்ட்ரியைக் கண்டார். அதே வருடம் ‘போர்ட்டோபியா’ எண்டு ஒரு துப்பறியும் கேமையும் அவர் கொம்பியூட்டருக்குச் செய்திருந்தார். அதில் சொற்களை ரைப் பண்ண வேண்டும். 1985இல் அதை ஃபெமிகொமுக்கு மாற்றியபோது, தெரிவு செய்யக்கூடிய கட்டளைப் பட்டியலாக ஆக்கினார்கள். வழி அங்கேயே திறந்துவிட்டது.

1986 மே 27இல் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தது. அல்டிமாவைப் போல மேலிருந்து பார்க்கும் உலகம், விஸார்ட்ரியைப் போல முகத்துக்கு முகம் நிண்டு சண்டை. ஆறு பேருக்குப் பதிலாக ஒரே ஒரு வீரன். கதை, சண்டை, இசை எல்லாமே 64 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள். இடம் காணாமல் கத்தகானா எழுத்துகளில் சுமார் 20ஐ மட்டும் வைத்துக்கொண்டு, அந்த எழுத்துகளுக்குள் அடங்கும் பெயர்களையே பேய்களுக்கும் மந்திரங்களுக்கும் வைத்தார்கள். தமிழில் 20 எழுத்தைத் தந்து, இதுக்குள்ள ஒரு உலகத்துக்கே பேர் வையுங்கோ எண்டால் எப்படியிருக்கும்? சேமிக்க டிஸ்க் இல்லை. அதனால் அரசர் 20 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றைச் சொல்லுவார், அதை எழுதி வைக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிழைத்தால் அவ்வளவு நேர உழைப்பும் போச்சு.

இதைக் ‘கேமை இலேசாக்கிக் கெடுத்துப்போட்டாங்கள்’ எண்டு சொல்லுற ஆக்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது எண்டு ஒவ்வொன்றாக யோசித்துச் செய்த வேலை அது. 1988இல் மூன்றாவது டிராகன் குவெஸ்ட் வந்தபோது முதல் நாளிலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

மூலக் கேம்களும் பின்னால் வந்தன. 1987இல் அல்டிமா 3, விஸார்ட்ரி இரண்டும் ஃபெமிகொமுக்கு மாறின. விஸார்ட்ரியின் கோட்டுச் சுவர்களுக்குள் ஜுன் சுவெமி வரைந்த மிருகங்களும் கென்டாரோ ஹனேடாவின் இசையும் புகுந்தன. ஒரு பகிடியும் நடந்தது. மூலத்தில் ‘குய்ஸினார்ட்’ எண்டொரு வாள் இருக்கு. அது அமெரிக்காவில் சமையலறை மெஷின் ஒன்றின் பிராண்ட் பெயர், அதாவது எதிரியை மிக்ஸியில் அடிக்கிற வாள்! யப்பானில் அந்தப் பகிடி விளங்காமல், குய்ஸினார்ட் என்ற மகா கொல்லன் அடித்த வாள் எண்டே நம்பினார்கள். மாறிப் போன இடத்தில் அது நிசமான காவிய ஆயுதமாகிவிட்டது.

எல்லா மாற்றமும் இலாபம் இல்லை. 1985இன் அல்டிமா 4இல் கொல்ல வேண்டிய வில்லன் கிடையாது. எட்டு நற்பண்புகளில் தேறி நல்ல மனிசனாவதுதான் இலக்கு. ஊராக்களோடு பேச, அவர்கள் சொன்னதைக் கவனித்துக் கேட்டு, அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து நீங்களே ரைப் பண்ண வேண்டும். 1990இல் நின்டென்டோவின் என்.இ.எஸ்.ஸுக்கு வந்த வடிவில் அந்த ரைப் பண்ணுதல் போய்விட்டது, ஊராக்கள் தங்களுக்குத் தெரிந்ததைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். நல்ல மனிசனாகப் பழக்குகிற ஒரு கேமில், மற்றவர் சொல்வதைக் கவனித்துக் கேட்கத் தேவையில்லாமல் போனது சின்ன இழப்பில்லை.

டிராகன் குவெஸ்ட் மந்திரத்தை ரைப் பண்ணுவதை விட்டது, பாதாளத்துக்குள் இறங்கும் பயத்தை விடவில்லை. என்.இ.எஸ். அல்டிமா 4 விட்டதோ அந்தக் கேமின் உயிரில் ஒரு பங்கை. பட்டன் இரண்டிலும் இரண்டுதான். ஒரு கதையை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கோ, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கோ கொண்டு போக நினைக்கிற ஆருக்கும் முதல் வேலை இதுதான்: எதை எறிந்தால் அது வேறொன்றாகிவிடும் எண்டு கண்டுபிடிப்பது.