ஹை ஹீல்ஸ்: பாதம் நோகாமல் அணியும் முறை

ஹை ஹீல்ஸ் என்பது விரல்களைவிடக் குதிகாலை உயரத்தில் நிறுத்தும் காலணி வகை. குதிகால் செருப்பு, குதியுயர் காலணி என்றும் சொல்வதுண்டு. ஊசிபோல் மெலிந்த குதியுடைய பென்சில் ஹீல்ஸ், அகலக் கட்டை வைத்த பிளாக் ஹீல்ஸ், அடிப்பாகம் முழுவதும் ஆப்பு வடிவில் சரியும் வெட்ஜஸ், குட்டையான மெல்லிய குதியுடைய கிட்டன் ஹீல்ஸ் ஆகியவை இதன் முக்கிய வகைகள். இதை அணிவோரிடம் கால் வலி மிகப் பரவலாகக் காணப்படுகிறது. வலி எவ்வளவு வரும் என்பதைக் குதியின் உயரம், காலணியின் முன்பக்க அகலம், அணிந்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் பெரிதும் தீர்மானிக்கின்றன. இம்மூன்றும் அணிபவர் மாற்றிக்கொள்ளக் கூடியவை.

வரலாறு

உயர்ந்த குதி முதலில் குதிரை வீரர்களுக்குப் பயன்பட்டது. பாரசீக வீரர்கள் அங்கவடியில் எழுந்து நின்று அம்பெய்யும்போது கால் நழுவாமல் பிடித்துக்கொள்ள அது உதவியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியைச் சிவப்புக் குதிக் காலணியோடு இயசெந்த் ரிகோ 1701இல் வரைந்த ஓவியம் புகழ்பெற்றது. 18ஆம் நூற்றாண்டில் ஆண்கள் இவ்வழக்கத்தைக் கைவிட, குதி பெண்களின் அணியாக நிலைத்தது.

1950களில் குதிக்குள் மெல்லிய உலோகத் தண்டைப் பொருத்தும் நுட்பம் வந்தது. ஸ்டிலெட்டோ எனப்படும் பென்சில் ஹீல்ஸ் அதனால் சாத்தியமாயிற்று. கிறிஸ்தியான் தியோர் நிறுவனத்துக்காக ரோஜே விவியே வடிவமைத்த காலணிகள் அதைப் பரப்பின. கலிபோர்னியாவின் கார்மெல் நகரம் 1963இல் ஒரு விதி இயற்றியது: 2 அங்குலத்துக்கு மேல் உயரமும் 1 சதுர அங்குலத்துக்குக் குறைந்த அடிப்பரப்பும் உள்ள குதியை அணிய அனுமதிச் சீட்டு வேண்டும். மேடுபள்ளமான நடைபாதைகளில் தடுக்கி விழுபவர்கள் வழக்குத் தொடுப்பதைத் தவிர்க்கவே அவ்விதி வந்தது.

பாதத்தில் நிகழ்வது

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. வெறுங்காலுடன் நிற்கும்போது பாதம் தாங்கும் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு குதிகாலில் இறங்குகிறது. குதி உயர உயர அந்த எடை முன்பாதத்துக்கு நகர்கிறது. ஓர் ஆய்வில், முன்பாதத்தின் அழுத்தம் 1 அங்குலக் குதியில் 22 விழுக்காடும், 2 அங்குலத்தில் 57 விழுக்காடும், 3 அங்குலத்தில் 76 விழுக்காடும் கூடியது. ஒரு அங்குலம் குறைத்தாலே பெரிய வித்தியாசம் தெரிவதன் காரணம் இதுதான்.

குதிகால் எப்போதும் மேலேயே இருந்தால் கெண்டைச்சதை சுருங்கிய நிலைக்குப் பழகிவிடுகிறது. குறைந்தது 5 செ.மீ. உயரக் காலணியை ஆண்டுக்கணக்கில் வழக்கமாக அணிந்த பெண்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், அவர்களின் கெண்டைத் தசையிழைகள் ஏறத்தாழ 13 விழுக்காடு குறுகியிருந்தன. குதிகால் தசைநாண் தடித்து விறைத்திருந்தது. இத்தகையோர் திடீரென்று தட்டைச் செருப்புக்கு மாறினால் பின்னங்கால் இழுத்து வலிக்கும். உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே அவர்களுக்கு ஏற்றது.

முழங்காலும் பாதிக்கப்படுகிறது. மெல்லிய குதிகள் முழங்கால் மூட்டின் சுமையைக் கூட்டுவதாக 1998இல் ‘தி லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அதே குழு அகலக் குதிகளையும் பின்னர் சோதித்தது; அவற்றிலும் சுமை கூடியிருந்தது. அகலக் குதி தள்ளாட்டத்தைக் குறைக்கும். உயரத்தால் முழங்காலுக்கு வரும் சுமையை அது நீக்காது.

வலி தோன்றும் இடங்கள்

பெருவிரலின் கீழுள்ள மேட்டிலும் அதையொட்டிய முன்பாதத்திலும் எரிச்சலோ கல்லை மிதித்தாற்போன்ற உணர்வோ வருவது மிகப் பரவலானது. மூன்றாம், நான்காம் விரல்களுக்கிடையே ஓடும் நரம்பைச் சுற்றித் திசு தடித்தால் மின்சாரம் பாய்வது போன்ற வலி தோன்றும். இது மார்ட்டன் நரம்புக்கட்டு எனப்படுகிறது. கூர்முனைக் காலணி பெருவிரலை உள்நோக்கித் தள்ளுவதால், அதன் அடிமூட்டு வெளிப்பக்கம் புடைக்கும் நிலை தீவிரமாகும். சிறுவிரல்கள் மடங்கிப்போதல், கால் ஆணி, நகம் சதைக்குள் வளர்தல் ஆகியவையும் முன்பக்க நெருக்கத்தின் விளைவுகளே. குதிகாலின் பின்புறத்தில் செருப்புக் கடியும் கொப்புளமும், நாட்பட்டால் எலும்புப் புடைப்பும் உண்டாகலாம். கணுக்கால் பிசகிச் சுளுக்கிக்கொள்வது திடீரென நேரும் விபத்து.

காலணியைத் தேர்ந்தெடுத்தல்

நடந்தும் நின்றும் வேலை செய்யும் நாட்களுக்கு 5 செ.மீ.க்கு உட்பட்ட குதி உகந்தது. முன்பக்கத்தில் பிளாட்ஃபார்ம் வைத்த காலணியில் குதி உயரத்திலிருந்து பிளாட்ஃபார்மின் தடிமனைக் கழித்தே கணக்கிட வேண்டும். குதி 9 செ.மீ., பிளாட்ஃபார்ம் 3 செ.மீ. என்றால் பாதம் உணரும் உயரம் 6 செ.மீ. ஆயினும் தடித்த அடிப்பாகம் தரையைக் காலுக்கு உணர்த்தாது. மேடுபள்ளத்தில் கணுக்கால் பிசகும் ஆபத்து கூடும்.

குதி, குதிகால் எலும்பின் நேர்கீழே அமைந்திருக்க வேண்டும். காலணியை மேசையில் வைத்து விரலால் தட்டினால் ஆடக் கூடாது. அடிப்பாகம் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கல் இராது.

முன்பக்கத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தாளில் நின்று பாதத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, அதன் மேல் காலணியை வைக்க வேண்டும். கோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காலணி விரல்களை நெருக்கும். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர்களின் பாதத்தைவிட அகலமானது என்று கண்டறிந்தது. ‘பா’ என்னும் இந்தியக் காலணி அளவுமுறை அதனடிப்படையில் முன்மொழியப்பட்டது. மேலை நாட்டு அளவுகளில் நீளம் பொருந்தியும் அகலம் இறுக்குவதற்குப் பாதத்தின் இந்த அகலம் முக்கியக் காரணம்.

நாள் முழுதும் நடமாடிய பாதம் சற்று வீங்கியிருக்கும். எனவே மாலையில் காலணி வாங்குவது நல்லது. இரு பாதங்களும் அளவில் சற்று வேறுபடக்கூடும். பெரிய பாதத்துக்குப் பொருந்துவதையே எடுக்க வேண்டும். இறுக்கத்துக்குப் பயந்து மிகப் பெரிய அளவை வாங்கினால் பாதம் முன்னோக்கி வழுக்கி, விரல்கள் முனையில் இடிபடும். கணுக்கால் வாரோ மேற்பாத வாரோ உள்ள காலணி இந்த வழுக்கலைத் தடுக்கும். ‘போடப் போட விட்டுக்கொடுக்கும்’ என்ற பேச்சை நம்பி இறுக்கமானதை வாங்கக் கூடாது. தோல் சற்று நெகிழும். ரெக்சின் போன்ற செயற்கைப் பொருட்கள் அவ்வளவு நெகிழா.

பழக்குதலும் நடையும்

புதுக் காலணியை வெளியே அணிவதற்கு முன் சில நாட்கள் வீட்டிலேயே அரைமணி நேரம் வரை அணிந்து பழக்கலாம். வழவழப்பான அடிப்பாகத்தைச் சொரசொரப்பான தாளால் லேசாகத் தேய்த்தால் வழுக்காது.

அடிகள் குறுகியதாக இருக்க வேண்டும். குதி முதலில் தரையைத் தொட்டு, பிறகு முன்பாதம் பதிய வேண்டும். பார்வையைத் தரையில் வைத்தால் உடல் முன்னே சாய்ந்து முன்பாதச் சுமை கூடும். தலை நிமிர்ந்து, வயிற்றுத் தசைகள் லேசாக இறுகியிருப்பது நன்று. படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டும்போது தட்டைச் செருப்பு அணிவதே பாதுகாப்பு.

விழாவுக்குச் செல்வோர் மடக்கி வைக்கக்கூடிய தட்டைச் செருப்பைப் பையில் எடுத்துச் செல்லலாம். போக்குவரத்துக்கு அதையும் மண்டபத்தில் மட்டும் ஹீல்ஸையும் அணிந்தால் பாதத்தின் சுமை நேரம் கணிசமாகக் குறையும். அடுத்தடுத்த நாட்களில் ஒரே உயரத்தை அணியாமல் மாற்றி மாற்றி அணிய வேண்டும்.

துணைப்பொருட்கள்

முன்பாதத்துக்கான ஜெல் திண்டை வலிக்கும் மேட்டின் நேர்கீழே வைப்பது பலர் செய்யும் தவறு. எலும்புகளைத் தாங்கி உயர்த்தும் குமிழ்வடிவத் திண்டு அம்மேட்டுக்குச் சற்றுப் பின்னால் அமைய வேண்டும். குதிகாலின் பின்புறம் ஒட்டும் மெத்தை செருப்புக் கடியைத் தவிர்க்கும். ஏற்கெனவே இறுக்கமான காலணியில் எந்தத் திண்டும் நெருக்கத்தை மிகுவிக்கும். குதியின் அடியில் தேய்ந்த ரப்பரைச் செருப்புத் தைப்பவரிடம் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்; ஒருபக்கம் தேய்ந்த குதி கணுக்காலைச் சாய்க்கும்.

மரத்துப்போகச் செய்யும் மருந்தைப் பாதத்தில் தெளித்துக்கொள்வது தவறான வழி. வலி பாதத்தின் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டு நடந்தால் புண்ணும் சுளுக்கும் தெரியாமலே முற்றும்.

பயிற்சியும் பராமரிப்பும்

ஹீல்ஸைக் கழற்றியதும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி 30 விநாடி நிற்பது கெண்டைச்சதையை நீட்டும். தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுப்பதும், குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவதும் பாதத் தசைகளையும் கணுக்காலையும் வலுப்படுத்தும். குளிர்ந்த நீர்ப் புட்டியை உள்ளங்காலின் கீழ் உருட்டுவது எரிச்சலைத் தணிக்கும்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், அடிக்கடி கணுக்கால் பிசகுபவர்கள் ஹை ஹீல்ஸைத் தவிர்ப்பது நல்லது. காலணியைக் கழற்றிய பின்னும் சில நாட்கள் நீடிக்கும் வலி, மரப்பு, வீக்கம் ஆகியவற்றுக்கு மருத்துவரை அணுக வேண்டும்.

பணியிடமும் சட்டமும்

வேலைக்காக ஹீல்ஸ் அணியுமாறு வற்புறுத்தப்படும் பெண்களுக்கு மேற்கண்ட எச்சரிக்கைகள் மட்டும் போதா. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017இல் இத்தகைய கட்டாயத்தைத் தடை செய்தது. இதே கட்டாயத்தை எதிர்த்து ஜப்பானில் 2019இல் ‘குடூ’ இயக்கம் எழுந்தது. காலணி, வலி ஆகியவற்றைக் குறிக்கும் ஜப்பானியச் சொற்களைச் சேர்த்து அமைந்த பெயர் அது. பிலிப்பைன்ஸ் 2017இல் பிறப்பித்த தொழிலாளர் ஆணை, கட்டாயக் குதி உயரத்துக்கு வரம்பு வைத்ததோடு, நின்றே வேலை செய்வோருக்கு ஓய்வும் இருக்கையும் தர வேண்டும் என்றது. தமிழ்நாடும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. நாள் முழுதும் நிற்கும் பாதத்துக்குத் தாழ்ந்த குதி எவ்வளவு தேவையோ, இடையிடையே உட்கார ஓர் இருக்கையும் அவ்வளவு தேவை.