செத்த காலேஜுக்குத் தலைவர் வந்த கதை

ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. இரண்டையும் தொடங்கி வைத்தவர் ஒரே ஆள்தான்: எட்வர்டு பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர்.

1851இல் மதராஸ் இலக்கியச் சங்கம் தன்னிடம் இருந்த 1,100 பாறை மாதிரிகளை அரசுக்குக் கொடுத்தது. நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலைக் கட்டடத்தின் மாடியில் அவற்றை வைத்தார்கள். கல்லை அடுக்கிவிட்டால் அருங்காட்சியகம் ஆகிவிடாது. தரம் பிரிக்க வேண்டும், பெயர் எழுதி ஒட்ட வேண்டும், இன்னும் கொடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்க வேண்டும். அந்தப் பொறுப்பு வைத்தியத் தொழிலோடு சேர்த்துப் பால்ஃபர் தலையில் விழுந்தது. தலைமைப் பதவி பிறந்தது அப்படித்தான். கல்லைப் பார்க்கக் கூட்டம் வராது என்று தெரிந்ததும் உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து கட்டினார். ஜனம் திரண்டது. 1854இல் எல்லாம் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு இடம் மாறியது.

பிறகு வந்தவர்களில் எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை இருந்தார். மூக்கையும் மண்டையையும் அளந்து மனிதரை வகைப்படுத்திய அவரது முறையை இன்று யாரும் ஏற்க முடியாது, நானும் ஏற்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற மறு வருஷமே, க. ரங்காச்சாரியின் துணையோடு எழுதிய தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் வெளிவந்தன. அடுத்து வந்த ஹெண்டர்சன், பாரிமுனை அருகே இருந்த கிறித்தவக் கல்லூரியில் பாடம் சொன்னவர். நண்டு, இறால் வகைகளில் தேர்ந்தவர்.

எஃப்.எச். கிரேவ்லி 1920இல் வந்து 1940இல் ஓய்வு பெற்றார். செப்புத் திருமேனிகளுக்கு டி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து 1932இல் பட்டியல் வெளியிட்டவர் இவர். உலோகத்தைப் பச்சைக் களிம்பு தின்னாமல் காக்கும் ரசாயனக் கூடமும் இவர் காலத்தில் வந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பதவியை விட்டு இறங்கிய மறு வருஷம், 1941இல், மதராஸ் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களைப் பற்றி அவர் எழுதியது அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அலை தள்ளிவிட்டுப் போகும் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வரி என்ன, பல் என்ன, கீல் எப்படி என்று பார்த்து, இனம் கண்டு எழுதிய வேலை. அதே கரையில் எண்ணூர் முகத்துவாரத்தில் இன்று அனல் மின்நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து வலையிலும் படகிலும் ஒட்டியது. இந்தக் கரையில் முன்பு என்னென்ன உயிர் இருந்தது என்று மீனவர்கள் வாயால் சொன்னால் சாட்சி கேட்கிறார்கள். இப்படிப்பட்ட பழைய பட்டியல்தான் சாட்சி. ஒரே நாற்காலியில் இருபது வருஷம் இருந்தவரால்தான் அதைத் தர முடிந்தது.

அவருக்குப் பின் 1940இல் மானிடவியலாளர் அ. அய்யப்பன் வந்தார். அந்த நாற்காலியில் நிலையாக அமர்ந்த முதல் இந்தியர். பதினெட்டு வருஷம் இருந்தார். அதே எழும்பூரில் அமராவதிச் சிற்பங்களை ஆராய்ந்து 1942இல் நூல் எழுதிய சி. சிவராமமூர்த்தி, பின்னாளில் டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கே இயக்குநரானார். 1949இல் ராஜாஜி திறந்துவைத்த அந்த நிறுவனத்தைத் தொல்லியல் துறைதான் கவனித்துவந்தது. 1957இல்தான் அது தனி அமைப்பானது. முதல் முழுநேர இயக்குநர் அமெரிக்கப் பெண்மணி கிரேஸ் மார்லி. எழும்பூரில் பழகிய கை அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்றது.

இப்போது எழும்பூர்ப் பதவி பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு வருகிறது. அவர்களில் அக்கறையானவர்கள் உண்டு. ஆனால் அலமாரியில் என்ன இருக்கிறது என்று பிடிபடும் முன்பே மாற்றல் உத்தரவு வந்துவிடும். எண்ணூரில் இன்று எது ஒதுங்குகிறது, எது ஒதுங்குவதில்லை என்று கிரேவ்லியின் பட்டியலோடு ஒப்பிட்டு எழுத, பத்து வருஷமாவது நாற்காலியை விட்டு எழுப்பப்படாத ஒரு விலங்கியலாளரை அரசு நியமிக்க வேண்டும்.